பவளக்காரர்களின் கபர்கள்: கோட்டக்குப்பத்திலிருந்து சென்னை யூதர் இடுகாட்டுக்கு

சென்னையில் யூதர்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு இடுகாடு. ராயப்பேட்டையிலிருந்து மெரினா பக்கம் போகும் அவ்வை சண்முகம் சாலையில், கிருஷ்ணாம்பேட்டை சுற்றுவட்டாரத்தில் அது இருக்கிறது. சாலைக்கு நாடகக் கலைஞர் தி.க. சண்முகத்தின் பெயர் வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் ஊர்க்காரர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் அது இன்னும் லாயிட்ஸ் ரோடுதான். இருபதுக்கும் குறைவான கல்லறைகளே கொண்ட சிறிய இடம். மதராசப்பட்டினத்தின் தொடக்க காலத்தில் அங்கே வாழ்ந்து, வணிகம் செய்து, மாநகராட்சியிலும் இடம்பிடித்த ஒரு சமூகத்துக்கு ஊரில் எஞ்சியிருக்கும் அடையாளம் இதுதான்.

கோட்டக்குப்பத்திலிருந்து இந்த இடத்துக்குப் போய்வர ஒரு பகல் போதும், சொந்த வண்டி தேவையில்லை. புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பேருந்துகள் கோட்டக்குப்பத்தை ஒட்டித்தான் போகின்றன. எல்லா வண்டியும் வழியில் நிற்கும் என்று நம்ப முடியாது. உட்கார்ந்து போக விரும்புகிறவர்கள் டவுன் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ புதுச்சேரி பேருந்து நிலையம் போய் அங்கேயே ஏறிக்கொள்வது நல்லது. மரக்காணம், மாமல்லபுரம், கோவளம் என்று கடலோரமாகவே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓட்டம். மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மாமல்லபுரத்தைத் தாண்டி நெரிசல் பிடித்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

கடைசி நிறுத்தம் வரை போகாமல் திருவான்மியூரிலேயே இறங்கிவிடுவதுதான் இந்தப் பயணத்தின் சூட்சுமம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் டைடல் பார்க் பக்கம் போனால் திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம். கடற்கரை நோக்கிப் போகும் வண்டியில் ஏறி, திருமயிலை, முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையங்களைக் கடந்து லைட் ஹவுஸ் நிலையத்தில் இறங்க வேண்டும். பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே தண்டவாளம் போகிறது. லைட் ஹவுஸிலிருந்து கிருஷ்ணாம்பேட்டை நடக்கிற தூரம். வழி கேட்கும்போது ‘யூதர் கல்லறை’ என்றால் பலர் விழிப்பார்கள். ‘லாயிட்ஸ் ரோடு, கிருஷ்ணாம்பேட்டை சுடுகாட்டுப் பக்கம்’ என்றால் உடனே கை காட்டுவார்கள். மாநகரின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், ரயிலை விட்டுத் திருவான்மியூரிலிருந்து பேருந்திலேயே மயிலாப்பூர், ராயப்பேட்டை வந்து நடப்பவர்களும் உண்டு.

ரயில்தான் வசதி என்பவர்கள் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பேருந்தில் போய், எழும்பூர் செல்லும் வண்டியைப் பிடிக்கலாம். எழும்பூரிலிருந்து ராயப்பேட்டைக்கு ஆட்டோவில் குறைந்த தூரமே. கோட்டக்குப்பத்துக்காரர்களுக்கு இது சுற்று வழி. திண்டிவனத்தார்க்கு இதுதான் நேர் வழி.

போகும் நாளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை பொழுது சாய்ந்து இருட்டும் வரை யூதர்களுக்கு ஓய்வு நாள். அன்றும் பண்டிகை நாட்களிலும் அவர்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. வேற்று மதத்தவரும் அந்த நாட்களைத் தவிர்ப்பது மரியாதை. இத்தகைய இடங்களில் வாயில் பூட்டிக் கிடப்பது சாதாரணம். அப்படியிருந்தால் சுவரேறிப் பார்க்காமல், அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வெளியே நின்று பார்த்துத் திரும்புவதே முறை.

இந்தப் பயணத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி, இந்தக் கல்லறைகளே பயணம் செய்து இங்கே வந்தவை என்பது. முதல் இடுகாடு லாயிட்ஸ் சாலையில் இல்லை. ஜார்ஜ் டவுனில், அன்று பெத்தநாயக்கன்பேட்டை என்று வழங்கிய பகுதியில், இன்றைய மிண்ட் தெருவில் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் போர்த்துகீசிய வழி யூத வணிகர்கள் மதராசுக்கு வந்தார்கள். மத்தியதரைக் கடலில் எடுத்த பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா சுரங்கங்களின் வைரத்தை வாங்கி அனுப்புவது அவர்கள் தொழில். அவர்களில் ஒருவரான ஜாக் தெ பைவா, வைரச் சுரங்கப் பகுதிக்குப் போன இடத்தில் நோய்வாய்ப்பட்டு, மதராசுக்குத் திரும்பி 1687இல் இறந்தார். மிண்ட் தெரு இடுகாட்டின் தொடக்கம் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அதற்கு அடுத்த ஆண்டு, 1688இல், மதராஸ் மாநகராட்சி அமைந்தபோது அதன் உறுப்பினர்களில் மூவர் யூத வணிகர்கள். ஊருக்கு வந்து சில ஆண்டுகளிலேயே ஊராட்சியில் இடம்பெறும் அளவுக்கு அவர்களுக்குச் செல்வாக்கு இருந்தது.

மண்ணடியில் இன்றும் பவளக்காரத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அந்தப் பெயர் வந்தது இந்தப் பவள வணிகத்தால்தான். பிரேசிலில் 1720களில் வைரம் கண்டெடுக்கப்பட்ட பிறகு கோல்கொண்டா வைரத்துக்கு இருந்த தனிமதிப்பு குறைந்தது. வணிகம் சுருங்க, வணிகர்களும் குறைந்தார்கள். வாரிசுகள் இல்லாத கல்லறைகளைக் காப்பாற்ற ஊரில் ஆள் இல்லாமல் போனது. அதன் விளைவை இருபதாம் நூற்றாண்டு காட்டியது. மிண்ட் தெரு இடுகாட்டின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஒரு முறையோடு அது நிற்கவில்லை. பூங்கா, பிறகு காசிமேடு என்று அலைந்து, 1980களின் தொடக்கத்தில் லாயிட்ஸ் சாலைக்கு வந்து சேர்ந்தன. புறப்பட்ட கற்கள் எல்லாம் வந்து சேரவில்லை. பல வழியிலேயே காணாமல் போயின.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது யூத மரபை அறிந்தால்தான் புரியும். இடுகாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பேத் ஹாயிம்’, அதாவது வாழ்வின் இல்லம். அடக்கம் செய்த இடம் இறந்தவருக்கு என்றென்றைக்கும் சொந்தம், அதைத் தோண்டுவதோ வேறு காரியத்துக்கு எடுப்பதோ தகாது என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்குச் சான்றாகச் செக் நாட்டின் பிராக் நகரில் பழைய யூதர் இடுகாடு ஒன்று இருக்கிறது. அதன் மிகப் பழைய கல் 1439ஐச் சேர்ந்தது. 1787 வரை அங்கே அடக்கம் நடந்தது. இடம் போதாதபோது பழைய கபர்களைத் தொடாமல், மேலே மண் கொட்டி, அடுக்கின் மேல் அடுக்காகப் புதைத்தார்கள். பழைய கற்களையும் மேலே தூக்கி நட்டதால் ஒன்றோடொன்று சாய்ந்து நெருக்கமாக நிற்கின்றன. இன்று அந்த நகரின் மெட்ரோவில் வந்து, நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்து அதைப் பார்க்கலாம். அங்கே இடுகாடு இருந்த இடத்திலேயே உயர்ந்தது. மதராசில் கற்கள் இடம் விட்டு இடம் மாறின.

கோட்டக்குப்பத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இங்கே அந்நியமாகத் தெரியாதவை நிறைய. ‘கபர்’ என்ற அரபுச் சொல்லும் ‘கெவெர்’ என்ற எபிரேயச் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. உடலைக் குளிப்பாட்டி, தையல் அலங்காரம் இல்லாத வெள்ளைத் துணி உடுத்தி, காலம் தாழ்த்தாமல் அடக்கம் செய்வது இரு மரபிலும் உண்டு. பணக்காரருக்கும் ஏழைக்கும் அந்தத் துணி ஒன்றுதான். மையவாடிக்குப் போய்வந்து பழகியவர்களுக்கு இங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சில வழக்கங்கள் மட்டும் வேறு. பூ வைப்பதில்லை, ஒரு சிறு கல்லை எடுத்துக் கல்லறையின் மேல் வைப்பார்கள். வந்து நினைத்தோம் என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி. ஆண்கள் தலையை மூடிக்கொள்வது வழக்கம். தொப்பியோ கைக்குட்டையோ போதும். வெளியே வரும்போது கை கழுவுவார்கள். யூதர்களில் குருமார் வழியில் வந்த ‘கோஹென்’ குடும்பத்து ஆண்கள், நெருங்கிய உறவினரின் அடக்கம் தவிர, இடுகாட்டுக்குள் கால்வைப்பதில்லை. அவர்கள் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுவார்கள்.

யூதர் கல்லறைக் கல்லை வாசிக்க எபிரேயம் முழுதாகத் தெரிய வேண்டியதில்லை. கல்லின் தலைப்பில் ‘பே’, ‘நூன்’ என்று இரண்டு எழுத்துகள் இருந்தால், ‘இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்’ என்ற சொற்றொடரின் சுருக்கம் அது. அடியில் ஐந்து எழுத்துகள் வரிசையாக நிற்கும்: இறந்தவரின் ஆன்மா வாழ்வோரின் முடிச்சில் பிணைந்திருக்கட்டும் என்ற வேண்டுதலின் சுருக்கம். நடுவில் பெயர், தந்தை பெயர், நாள். போர்த்துகீசிய வழி யூதர்கள் கல்லை நட்டு வைக்காமல் பலகைபோலத் தரையில் படுக்க வைப்பது மரபு. வெயில் நேராக விழும் நண்பகலில் எழுத்துகள் மங்கித் தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்வெளிச்சத்தில் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

ஆண்டைக் கண்டுபிடிப்பதுதான் சுவையான வேலை. எபிரேயத்தில் எண்களை எழுத்துகளாலேயே எழுதுவார்கள். ‘பிஸ்மில்லாஹ்’வுக்கு 786 என்று கணக்கிடும் அப்ஜத் முறையை அறிந்தவர்களுக்கு இது கைவந்த கலை. இரண்டும் ஒரே குடும்பத்து எழுத்துமுறைகள். எபிரேயத்தில் ‘தாவ்’ 400, ‘மேம்’ 40, ‘ஜாயின்’ 7. அரபியின் ‘தே’, ‘மீம்’, ‘ஸே’ ஆகியவற்றுக்கும் அதே மதிப்புகள். மூன்றையும் கூட்டினால் 447. யூத ஆண்டுக் கணக்கில் ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். 447 என்றால் 5447. அந்த 447உடன் 1240ஐக் கூட்டினால் 1687. யூத ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால், ஆண்டின் கடைசி மாதங்களில் ஒன்று முன்பின்னாக வரலாம்.

லாயிட்ஸ் சாலையோடு திரும்பிவிட்டால் பாதிக் கதையைத்தான் பார்த்ததாகும். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்துக்கு ஆட்டோவில் வந்து, வடக்கே போகும் வண்டியில் சென்ட்ரல், உயர் நீதிமன்றம் தாண்டி மண்ணடியில் இறங்கினால் பவளக்காரத் தெரு நடக்கிற தூரத்தில். மண்ணடி கோட்டக்குப்பத்தாருக்குப் புதிய இடமும் அல்ல. வியாபாரத்துக்கும் உறவு வீடுகளுக்கும் போய்வரும் பேட்டைதான். அங்கிருந்து மேற்கே நடந்தால் மிண்ட் தெரு. பழைய இடுகாட்டின் தடயத்தை அங்கே தேடிப் பயனில்லை. கடைகளும் வீடுகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆனால் தெருவின் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு அந்த நெரிசலில் நடக்கும்போது, லாயிட்ஸ் சாலையில் பார்த்த கற்கள் எங்கிருந்து கிளம்பின என்பது காலுக்கே தெரியும்.

இன்னும் தொலைவு போக மனமிருப்பவர்களுக்குக் கேரளம் இருக்கிறது. எழும்பூரிலிருந்து கிளம்பும் குருவாயூர் விரைவு வண்டி விழுப்புரம் வழியாகத் தெற்கே போய், நாகர்கோவில், திருவனந்தபுரம் சுற்றி எர்ணாகுளம் சேர்கிறது. எர்ணாகுளத்திலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் ஃபோர்ட் கொச்சி போனால், மட்டாஞ்சேரி யூதர் தெருவும் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயமும் பக்கம். ஆலுவாவிலிருந்து பரவூர் வழியாகச் சேந்தமங்கலம் போகப் பேருந்து உண்டு. அங்குள்ள ஜெப ஆலயத்தின் முன்னால் சாரா பத் இஸ்ராயேல் என்ற பெண்ணின் கல்லறைக் கல் நிற்கிறது. அதன் ஆண்டு 1269. திருச்சூர் மாவட்டத்து மாளாவில் யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது, 1955இல் தங்கள் ஜெப ஆலயத்தையும் இடுகாட்டையும் ஊராட்சியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

சென்னைக்கு மட்டும் போகிறவர்கள் அதிகாலை வண்டியில் கிளம்பினால், வெயில் ஏறுமுன் லாயிட்ஸ் சாலை, நண்பகலில் மண்ணடி, மாலையில் திருவான்மியூருக்கு வந்து புதுச்சேரிப் பேருந்து என்று இருட்டும் நேரத்தில் கோட்டக்குப்பம் திரும்பிவிடலாம். கல்லறையில் வைக்கும் சிறு கல்லை ஊரிலிருந்தே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.