பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு: முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்

டிஜிட்டலுக்கு மாறலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மெகாபிக்சலில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வெளிச்சத்தில் தொடங்குங்கள் என்பேன் நான். பிலிமும் சென்சாரும் அதை வாங்கிக்கொள்ளும் விதமே வேறு.

பிலிமின் மேல் ஜெலட்டினோடு சேர்த்துப் பூசியிருப்பவை சில்வர் ஹாலைடு படிகங்கள். வெளிச்சம் பட்டவை டெவலப்பரில் வெள்ளித் துகள்களாகிக் கறுக்கும். வெளிச்சம் கூடினால் கறுப்பும் கூடும். ஓர் அளவுக்கு மேல் அது மெதுவாகத்தான் ஏறும். நெகட்டிவில் இரண்டு ஸ்டாப் அதிகம் விழுந்தாலும் படம் பிழைத்துவிடுவது இதனால்தான். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு குடம் மாதிரி. நிறைந்துவிட்டால் மேற்கொண்டு விழுவதற்குக் கணக்கில்லை.

உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி கட்டியவரைப் படமெடுத்துப் பாருங்கள். டிஜிட்டலில் கொஞ்சம் கூடிப்போனால் மடிப்பும் நெசவும் மறைந்து வெறும் வெள்ளைதான் மிஞ்சும். கம்ப்யூட்டரில் எவ்வளவு திருத்தினாலும் அது திரும்பாது. நெகட்டிவாக இருந்தால், பிரிண்ட் போடும்போது வேட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் வெளிச்சம் காட்டி மடிப்புகளை வரவழைக்கலாம். நிழலில் கதை தலைகீழ். பிலிமில் பதியாத இருட்டு வெற்றிடம்தான். டிஜிட்டலில், கேமரா திருத்தாத 'ரா' கோப்பாக எடுத்திருந்தால் அதிலிருந்து முகத்தையே மீட்கலாம். ஆகவே நெகட்டிவில் நிழலுக்கு அளந்து பழகிய கண், டிஜிட்டலில் வெளிச்சத்துக்கு அளக்கப் பழக வேண்டும். ஸ்லைடு பிலிமில் எடுத்தவர்களுக்கு இது புதிதல்ல.

1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த டிஜிட்டல் கேமராவில் இருந்தவை வெறும் 10,000 பிக்சல்கள். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிய 23 வினாடி பிடித்தது. அதே கோடாக் 2012இல் திவால் மனு போட்டது. ஊட்டியில் 'இந்து' பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸிலும் உற்பத்தி நின்றுபோனது. பிலிமும் அதைக் கழுவித் தரும் லேபும் உங்கள் ஊரில் இன்னும் கிடைக்கின்றனவா என்பதையும் யோசனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய லென்ஸ் கையிலிருந்தால் சென்சாரின் அளவைக் கேட்டு வாங்குங்கள். 35 மி.மீ. பிலிமின் கட்டம் 36க்கு 24 மி.மீ. விலை குறைந்த பல கேமராக்களில் சென்சார் அதைவிடச் சிறியது. அதில் உங்கள் 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 75 மி.மீ. போலத்தான் பார்க்கும்.

கல்யாணம், விளையாட்டு என்று கூலிக்கு எடுப்பவர்கள் தயங்க வேண்டாம், மாறிவிடுங்கள். எடுத்த இடத்திலேயே படம் விழுந்ததா என்று பார்த்துக்கொள்ளும் வசதி ஒன்றே போதும். வீட்டு இருட்டறையில் கறுப்பு வெள்ளை கழுவி, தானே பிரிண்ட் போடுகிறவர் மாற எந்த அவசரமும் இல்லை. மாறுகிறவர்கள் படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். ஸ்கேன் செய்தாயிற்று என்று நெகட்டிவ்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் பத்திரமாக இருக்கட்டும்.