பையனை எந்தப் படியில் ஏற்றுவது?

போன மே மாதம். பஞ்சகவ்யத் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் வந்து நின்றார்.

"மேனேஜர் சார், பையன் பத்தாவது பாஸ். கணக்குலதான் 38. கணக்கு குரூப்ல போட்டு எஞ்சினியர் ஆக்கிடலாம்னு பாக்குறேன். கல்விக்கடன் கிடைக்கும்ல?"

கிடைக்கும். 4 லட்சம் வரை ஈடில்லாமல் எத்தனையோ பேருக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒருவன் கணக்கில் அரியர் விழுந்து பாதியில் நின்றான். கடனைக் கட்ட அவன் அப்பா உழவு மாட்டை விற்றார். அன்றைக்கு மார்க் ஷீட்டைத்தான் பார்த்தேன். பையனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தப் பையனை எனக்குத் தெரியும். என் பவர் டில்லர் மக்கர் பண்ணினால், மெக்கானிக் வருவதற்குள் கழற்றிப் போட்டிருப்பான். ஐ.டி.ஐ.யில் சேருங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போச்சு.

"அதோட நின்னுடுவானே சார்!"

நிற்க வேண்டியதில்லை. ஃபிட்டர் 2 ஆண்டு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக 2ஆம் ஆண்டு. டிப்ளமோ வாங்கினால் பி.இ.யிலும் நேராக 2ஆம் ஆண்டு. நடுவில் எந்தப் படியில் இறங்கினாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். பி.இ.யில் பாதியில் இறங்கினால் கடன்தான் இருக்கும்.

பத்தாவது முடித்ததும் நேராகப் பாலிடெக்னிக்கில் 3 ஆண்டும் படிக்கலாம்தான். ஆனால் முதலாண்டிலேயே கணக்கு வந்து நிற்கும். அதைப் பையனிடமே கேட்டோம்.

"ஃபிட்டரே போறேன் தாத்தா" என்றான்.

சேர்ந்துவிட்டான். சொந்தக்காரர்களிடம் மட்டும் அப்பா இன்னும் "காலேஜ் போறான்" என்றுதான் சொல்கிறார்.