பனியன் கம்பெனிச் செய்தியில் பேசுவது யார்?

திருப்பூரைப் பற்றிப் பத்திரிகையில் வருவது பெரும்பாலும் நூல் விலை, டாலர் மதிப்பு, ஏற்றுமதி ஆர்டர். பேட்டி கொடுப்பவர் முதலாளி அல்லது சங்கத் தலைவர். படத்தில் மட்டும் பவர்டேபிள் முன்னால் வரிசையாக உட்கார்ந்து தைக்கும் பெண்கள் இருப்பார்கள். படத்துக்குக் கீழே அவர்கள் பெயர் இருக்காது. ஓவர்டைம் பற்றியோ கூலி பற்றியோ அவர்கள் சொன்ன ஒரு வரியும் இருக்காது.

செய்தியில் யார் பேசுகிறார், யார் வெறும் படமாக நிற்கிறார் என்று பார்ப்பதுதான் ஊடகப் பிரதிநிதித்துவ ஆய்வு. அமெரிக்காவில் இனத்தையும் பாலினத்தையும் வைத்து இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். நம் ஊரில் சாதியைச் சேர்க்காமல் கேட்க முடியாது.

மதுரை காமராசர் பல்கலைக்கழக இதழியல் துறைப் பேராசிரியர் ஜெ. பாலசுப்பிரமணியம் அப்படிக் கேட்டவர். செய்தி அறைகளில் தலித்துகள் இல்லாததைப் பற்றி 2011இல் ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில், சொந்த அனுபவத்திலிருந்தும் எழுதினார். அதற்கு முன், 2006இல் வேறு ஆய்வாளர்கள் தில்லி ஊடக நிறுவனங்கள் 37இல் முடிவெடுக்கும் இடத்திலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தபோது, அதில் தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. பெண்கள் 17 சதவீதம்தான்.

“தகுதியான ஆள் கிடைக்கவில்லை” என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். அந்தப் பதிலை உடைப்பது பாலசுப்பிரமணியத்தின் இன்னொரு உழைப்பு. 1869 முதல் 1943 வரை வெளிவந்த தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியிருக்கிறார். ‘சூரியோதயம்’ 1869இலேயே வந்துவிட்டது. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். எழுதவும் அச்சிடவும் தெரிந்தவர்கள் அன்றே இருந்தார்கள். பெரிய பத்திரிகைகள்தாம் அவர்களுக்கு இடம் தரவில்லை. அவர் ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

யார் பேசுகிறார் என்ற கேள்வி ஏட்டோடு நிற்கும் விஷயமல்ல. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறு காரணங்களுக்காக நடந்த தாக்குதல்களின் காட்சிகள் அவை. சில ஊடகங்கள் அதையே செய்தியாக்கின. திருப்பூரிலிருந்து தொழிலாளர்கள் பயந்து ரயிலேறினார்கள். காவல்துறை மறுத்தது, பிகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் பேசியது. செய்தி போட்டவர்கள் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அடுத்த முறை திருப்பூர் செய்தி படிக்கும்போது, அதில் பேசுகிறவர்களின் பெயர்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். டெய்லர், செக்கிங், கைமடி வேலை பார்ப்பவர் ஒருவராவது அதில் இல்லையென்றால், ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.