பூங்காவுக்கு எத்தனை நாள்?

பள்ளித் தேர்வுகள் நெருங்கும்போது எங்கள் நீலசந்திரா கிளையின் முகப்பில் ஒலிக்கும் கேள்விகளும் மாறிவிடுகின்றன. வட்டி விகிதம், நகைக் கடன், காசோலைப் புத்தகம் ஆகியவற்றுக்கு நடுவே, "பிள்ளைகளை எங்கேயாவது அழைத்துப் போகவேண்டும் சார், எவ்வளவு ஆகும்?" என்ற கேள்வியும் எழும். எவ்வளவு ஆகும் என்பது எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. அந்த நாள் கணக்கைப் பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள், சிலர் பார்ப்பதேயில்லை.

இவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு தம்பதியர் வந்திருந்தனர். (அவர்களுடைய ஒப்புதலுடனேயே இதை எழுதுகிறோம்; அடையாளங்களைத் தவிர்த்திருக்கிறோம்.) கணவர் தையற்கடை நடத்துபவர். மகள் எஸ்எஸ்எல்சி தேர்வு எழுதவிருந்தாள். மகன் ஏழு வயதுச் சிறுவன். தேர்வு முடிந்ததும் சிங்கப்பூர் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பயண முகவர் எழுதித் தந்த ஏழு நாள் திட்டம் கையிலிருந்தது. அதில் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு மட்டும் இரண்டு நாள். நீர்ப் பூங்காவுக்கு ஒரு நாள். புறப்பாடு ஜூன் முதல் வாரம். பணத்துக்காக, மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று போட்டிருந்த நிரந்தர வைப்பை முறித்துத் தரும்படி கேட்டார்கள். வீட்டிலிருக்கும் பாட்டியைக் கிருஷ்ணகிரியில் அத்தை வீட்டில் விட்டுச் செல்வதாக ஏற்பாடு.

வைப்பு அவர்களுடையது, முறிக்கக் கேட்டால் முறித்துத் தருவது எங்கள் கடமை. முதிர்வுக்கு முன் முறித்தால் பணம் இருந்த காலத்துக்குரிய வட்டியே கிடைக்கும், அதிலும் பொதுவாக ஒரு சிறு பிடித்தம் உண்டு என்பதைச் சொன்னோம். பிறகு, படிவத்தை எடுப்பதற்கு முன் ஒன்று கேட்டோம்: "பூங்காவில் இரண்டு நாள் என்று யார் முடிவு செய்தது?" இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். முகவரின் தாளில் அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அவர்கள் ஏற்கெனவே சென்று வந்த பிடதியிலிருந்து கணக்கைத் தொடங்கினோம். மைசூர் சாலையில், நகரிலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டரில் இருக்கும் வொண்டர்லா பூங்காவை நம் வாசகர்களில் பலர் அறிவர். 2000-இல் கொச்சியில் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2005-இல் இங்கே வந்தது. 82 ஏக்கர் பரப்பு. நீரிலும் நிலத்திலுமாக 60-க்கும் மேற்பட்ட சவாரிகள். அறுபது சவாரிக்கு ஒரு நாள் எப்படிப் போதும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் எந்தக் குடும்பமும் அறுபதிலும் ஏறுவதில்லை. சிறு குழந்தைகளுக்கானவை ஒரு பகுதி, உயரம் போதாமல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புபவை ஒரு பகுதி, பார்த்த மாத்திரத்தில் அம்மாக்கள் தலையசைத்து விலகுபவை ஒரு பகுதி. இவற்றைக் கழித்தால் ஒரு குடும்பம் உண்மையில் விரும்பி ஏறுவது பதினைந்து, இருபதுதான்.

இனி நேரம். காலை 11 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடினால் 420 நிமிடங்கள். சாப்பாட்டுக்கு 45, உடை மாற்றவும் பைகளைப் பெட்டகத்தில் வைத்து எடுக்கவும் 30, நடப்பதற்கும் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்கும் 60 நிமிடங்கள் என்று கழித்தால் மிஞ்சுவது 285. ஒரு சவாரி, ஏறி இறங்குவது உட்பட, ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டமில்லாத வேலைநாளில் வரிசைக்குப் பத்து நிமிடம் என்றால் சவாரி ஒன்றுக்கு 15 நிமிடம். மொத்தம் 19 சவாரிகள். மே மாத ஞாயிற்றுக்கிழமையில் வரிசைக்கு 40 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 45, மொத்தம் ஆறு. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சமம். இத்தனைக்கும் விடுமுறை நாளில் நுழைவுச்சீட்டின் விலையும் கூடுதல்.

எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன் எந்த நாள் என்று கேட்க வேண்டும் என்பதை நாங்களே பட்டுத்தான் அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் கிளை ஊழியர்கள் குடும்பத்தோடு பிடதிக்குச் சென்றோம். எல்லாருக்கும் ஒத்துவரும் நாள் என்று மே மாத ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். வழியில் தட்டு இட்லி சாப்பிட ஒரு மணி நேரம். நுழையும்போது மணி பன்னிரண்டரை. பருத்தி உடையோடு நீரில் இறங்கக் கூடாது என்பதை வாயிலில் தெரிந்துகொண்டு, நைலான் உடை வாங்க அரைமணி. அன்று நாங்கள் ஏறிய சவாரிகள் ஐந்து. பிழை முழுவதும் எங்களுடையது. மறுமுறை ஜூலை மாதத்து வேலைநாள் ஒன்றில், ஆளுக்கொரு விடுப்பு எடுத்துச் சென்றபோது, நான்கு மணிக்கெல்லாம் பிள்ளைகள் போதும் என்றார்கள். வேலைநாள் என்றாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை கவனம் தேவை. அது பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளின் காலம்.

வரிசையைப் பற்றிப் பேசும் தகுதி வங்கிக்காரர்களுக்கு உண்டு என்று நம்புகிறோம். வரிசையின் நீளத்தைக் கண்டு யாரும் அஞ்சவேண்டியதில்லை. அது நகரும் வேகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் நிறுவிய விதியின் சாரம் இதுவே: வரிசையில் நிற்போர் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் உள்ளே செல்கிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் கிடைத்துவிடும். ரோலர் கோஸ்டரில் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை 28 பேர் ஏறினால் நிமிடத்துக்கு ஏழு பேர். முன்னால் 210 பேர் நின்றால் அரைமணி. அருகிலுள்ள சிறு ராட்டினத்தின் முன் 60 பேர்தான் நிற்கலாம். ஆனால் அதில் ஆறு நிமிடத்துக்கு எட்டுப் பேரே ஏறினால் முக்கால் மணி ஆகும். எங்கள் டோக்கன் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாங்கள் தவறாக எண்ணமாட்டோம்.

காத்திருப்பைப் பணம் கொடுத்துக் குறைக்கும் சீட்டுகளும் உண்டு. திருமலையில் 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவு தரிசனத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. கூட்ட நாளில், வேறு நாளே கிடைக்காது என்ற நிலையில், அது பயனுள்ளது. கூட்டமில்லாத நாளில் அதை வாங்குவது காலியான பேருந்தில் இருக்கைக்கு முன்பதிவு செய்வது போன்றதே.

வணிகவியல் படித்தோருக்குக் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி நினைவிருக்கும். முதல் மாம்பழம் தரும் இன்பத்தை ஐந்தாவது தருவதில்லை. பூங்காவின் இரண்டாம் நாளும் அப்படியே. முதல் நாளில் பதினைந்து சவாரி ஏறிய பிள்ளை, இரண்டாம் நாளில் அவற்றுள் பிடித்த நான்கில் மறுபடி ஏறும். பிறகு விடுதிக்குப் போகலாம் என்று கேட்கும். ஆனால் அந்த இரண்டாம் நாளின் செலவு மட்டும் முதல் நாளைவிடக் குறைவதில்லை.

குறைவது போலத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. பெரிய பூங்காக்கள் பல, நாள் கூடக்கூட நுழைவுச்சீட்டின் நாள்விலை குறையுமாறு விலை வைக்கின்றன. இதற்குப் பெயர்பெற்ற இடம் ஃபுளோரிடாவில் 1971-இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டு. நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வளாகம்; அதற்குள் தனித்தனியே நான்கு பூங்காக்கள், இவையன்றி நீர்ப் பூங்காக்கள். அங்கே நான்கு நாள் என்பது நியாயமான கணக்கு. நடுவில் ஓய்வுக்கு ஒரு நாள் சேர்த்தால் ஐந்து. ஐந்தாம், ஆறாம் நாளுக்குச் சீட்டில் கூடுவது சொற்பமே என்று பார்த்துவிட்டு நீட்டிப்பவர்கள், விடுதி அறைக்கும் உணவுக்கும் அந்தச் சலுகை கிடையாது என்பதை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் செல்லும் எங்கள் மூத்த வாடிக்கையாளர்கள் சிலர், "நடந்து நடந்தே கால் போயிற்று" என்று திரும்பி வந்து சொல்வதை முகப்பில் கேட்டிருக்கிறோம்.

தோக்கியோவில் 1983-இல் வந்த டிஸ்னிலேண்டும் 2001-இல் வந்த டிஸ்னிசீயும் தனித்தனிப் பூங்காக்கள். ஆகவே இரண்டு நாள். ஐதராபாத்தின் ராமோஜி ஃபிலிம் சிட்டி 1,666 ஏக்கர் என்று மலைக்க வேண்டாம். பெரும்பகுதியைப் பேருந்தில் அமர்ந்தே பார்க்கலாம், ஒரு நாள் போதும். சென்னையில் உறவினர் உள்ளவர்களுக்கு, 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே திறக்கப்பட்ட வொண்டர்லாவுக்கும் பிடதிக் கணக்கே பொருந்தும்.

தையற்கடைக்காரர் குடும்பத்துக்கு வருவோம். செந்தோசாவில் 2010-இல் திறக்கப்பட்ட யுனிவர்சல் ஸ்டுடியோஸின் பரப்பு சுமார் 20 ஹெக்டேர், அதாவது 49 ஏக்கர். பிடதியைவிடச் சிறியது. சவாரிகளும் காட்சிகளும் சேர்த்து இருபது சொச்சம். அங்குள்ள பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஏழு வயது மகன் அதை எட்டமாட்டான். வேலைநாளாக இருந்தால் அங்கே இவர்களுக்கு ஒரு நாள் தாராளம். ஆனால் திட்டமிட்டிருந்ததோ ஜூன் மாதம். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஆண்டு நடுவிடுமுறை அப்போதுதான். வரிசை நீளும் காலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த நீளத்துக்காக இரண்டாம் நாளையும் விலைக்கு வாங்கியிருந்தார்கள்.

கணவர் அப்போதுதான் வாய் திறந்தார். "ஜூனில் கடையை மூடுவதே எனக்குப் பயம்தான் சார். யூனிஃபார்ம் தைக்கிற நேரம்." ஆண்டு வருமானத்தில் கணிசமான பகுதி அவருக்கு மே, ஜூன் மாதங்களில் வருவது. முகவரின் தாளில் அந்த இழப்புக்குப் பத்தி கிடையாது. காகிதத்தில் எழுதிப் பார்த்தோம்: அறைக்கு 12,000, நால்வரின் உணவுக்கும் போக்குவரத்துக்கும் 6,000 என்று கொண்டால், சீட்டு நீங்கலாகவே ஒவ்வொரு கூடுதல் நாளும் 18,000 ரூபாய். அதன்மேல் மூடிய கடையின் வருமானம்.

தேர்வு முடிந்த பின் ஏப்ரல் நடுவில், நான்கு இரவுகள் என்று திட்டம் மாறியது. இரவு விமானத்தில் போய் இறங்கும் முதல் நாளில் பூங்கா வேண்டாம் என்றோம். நாலரை மணி நேரப் பயணம், சரியாகத் தூக்கமில்லை, கடிகாரமும் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும்; அன்று வாங்கும் சீட்டில் பாதி வீண். பூங்கா மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமையில். நீர்ப் பூங்கா நீங்கியது. அந்த ஆசைக்குப் பிடதியே இருக்கிறது.

வரிக் கணக்கையும் நினைவூட்டினோம். வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு வாங்கும்போது முகவர் டிசிஎஸ் எனப்படும் வரியைச் சேர்த்து வசூலிப்பார். 2020-இல் நடைமுறைக்கு வந்த இதன் விகிதம் வரவுசெலவுத் திட்டங்களில் பலமுறை மாறியிருப்பதால், பணம் கட்டும் நாளில் கேட்டறிவது நல்லது. இது தொலைந்த பணமன்று. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் வரியில் கழியும், அல்லது திரும்ப வரும். தாக்கல் செய்யாதவருக்கு அது போனது போனதுதான். அவர் அதுவரை தாக்கல் செய்ததில்லை. இவ்வாண்டு செய்வதாகச் சொன்னார்.

நிரந்தர வைப்பை முறிக்கவில்லை. சுருங்கிய செலவில் பெரும்பகுதிக்குக் கையிருப்பு போதுமானதாக இருந்தது. எஞ்சியதற்கு அதே வைப்பின்மீது சிறு கடன். வட்டி வைப்பு வட்டியைவிடச் சற்றே கூடுதல், யூனிஃபார்ம் பணம் வந்ததும் ஜூலையில் அடைத்துவிடலாம்.

எழுந்து செல்லுமுன் மனைவி காகிதத்தை மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தார். குறைந்த நாள்களின் தொகையை விரலால் தொட்டுக்கொண்டே, "இதில் அத்தைக்கு ஒரு டிக்கெட் வருமா சார்?" என்றார். வரும் என்றோம், மிச்சமும் இருக்கும். பிள்ளைகளைப் பிறந்தது முதல் வளர்த்தவர் பாட்டிதான் என்று அப்போது அறிந்தோம். ஏழு நாள் திட்டத்தில் அவருக்கு இடமில்லாமல் போனதற்கு மூட்டுவலி ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. பூங்காக்களில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அமர்ந்தபடி பார்க்கும் காட்சிகளும் உண்டு. உயரம் போதாத பேரனோடு கீழே நிற்கவும் ஓர் ஆள் தேவைதானே?

பாட்டியிடம் கடவுச்சீட்டு இல்லை. மறுவாரமே விண்ணப்பித்துவிட்டார்கள். பிறந்த தேதி ஆதாரில் ஒன்றாகவும் பழைய ஆவணத்தில் வேறொன்றாகவும் இருந்ததில் மூன்று வாரம் போயிற்று. இவ்விதழ் அச்சுக்குச் செல்லும் இவ்வேளையில் விண்ணப்பம் காவல்துறைச் சரிபார்ப்பில் இருக்கிறது. வாரம் ஒருமுறை கடைக்காரர் கிளைக்கு வரும்போது நாங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.