திண்டுக்கல்லில் இருந்து எத்தனை மணி நேரம்?

திண்டுக்கல்லுக்கு விமான நிலையம் கிடையாது. சென்னைக்கோ டெல்லிக்கோ பறக்க வேண்டுமென்றால் நான்குவழிச் சாலையில் தெற்கே போய் மதுரையில் ஏற வேண்டும். சுமார் 75 கிலோமீட்டர். சிங்கப்பூர் போகிற பலர் கிழக்கே திரும்பித் திருச்சிக்குப் போகிறார்கள். அது நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

மதுரை, சென்னை விமான நிலையங்களுக்கு இடையே நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 420 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் ரக விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் போகும். வகுத்துப் பார்த்தால் ஐம்பது நிமிடம். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும்.

கூடுதல் நேரம் எங்கிருந்து வருகிறது? டிக்கெட்டில் இருப்பது, விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அடுத்த ஊரில் போய் நிற்கும் வரையிலான கணக்கு. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மெதுவாக மேலேறுவது, சென்னை வானில் இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். டெல்லிக்கும் இந்தச் செலவு உண்டு. ஆனால் 2,080 கிலோமீட்டர் பயணத்தில் அரை மணி நேரம் பெரிதாகத் தெரியாது; சென்னைப் பயணத்தில் அது பறக்கும் நேரத்தில் பாதிக்கு மேல்.

தூரமும் நாம் நினைப்பதுபோல் இருப்பதில்லை. மதுரையிலிருந்து சென்னையைவிடக் கொழும்பு பக்கம்: சுமார் 355 கிலோமீட்டர்தான். 2012-இல் மதுரையின் முதல் சர்வதேச விமானம் பறந்ததும் அங்கேதான்.

போதாததற்குக் காற்று. ஆடி மாதம் திண்டுக்கல்லில் மேற்கிலிருந்து அடிக்கிறது. அதே நாட்களில், பெரிய விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. இந்தப் பருவகாலக் கீழைக்காற்று ஓட்டத்தை 1950-களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஆகவே அந்தப் பருவத்தில் துபாய்க்குப் போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிவிடும். சிங்கப்பூர் விமானத்துக்கு எதிர்க்காற்றாகும்.

சரி, திண்டுக்கல் வீட்டிலிருந்து கணக்குப் போட்டால்? மதுரை விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம், அங்கே சோதனைகளுக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி நேரம், பறப்பதற்கு ஒன்றேகால், சென்னையில் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத், திண்டுக்கல்லில் ஏறியவரை எழும்பூரில் இறக்கிவிட எடுத்துக்கொள்வதும் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். டெல்லி என்றால் இந்தப் போட்டிக்கே இடமில்லை.

வெளிநாட்டு டிக்கெட்டில் இன்னொரு சிக்கல்: புறப்படும் நேரம் நம் ஊர்க் கடிகாரப்படி, சேரும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி. திருச்சியில் இரவு 11 மணிக்குக் கிளம்பும் விமானம் சிங்கப்பூருக்குக் காலை 5.45-க்குப் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு ஆறே முக்கால் மணி நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுவதால், உண்மையில் பறந்தது நாலேகால் மணி நேரமே. திரும்பி வரும்போது இது தலைகீழாகும்: டிக்கெட்டில் இரண்டு மணி நேரம்கூட ஆகாததுபோல் தெரியும். இரவு விமானமாக இருந்தால் வரும் தேதியும் மாறிப்போகலாம். திருச்சிக்குக் கார் அனுப்புகிறவர்கள் சேரும் நாளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.