சுழற்காற்று செல்லும் திசை



இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் வழியில், சித்திரை வைகாசி மாதத்து நண்பகலில், தரிசு நிலத்துப் புழுதியும் சருகும் தூண்போலச் சுழன்றெழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியின் மைதானத்தில் அத்தகைய தூணொன்று எழுந்தது. "ஐயா, இது எந்தப் பக்கம் போகும்?" என்று ஒரு மாணவன் வினவினான். "வடகிழக்கே" என்றேன், சற்றும் தயங்காமல். பூகோளப் புத்தகத்தில் படித்த விடை அது. தூணோ தென்மேற்கே நகர்ந்து வந்து, என் வகுப்பு முழுவதையும் புழுதியில் குளிப்பாட்டிச் சென்றது!

அமெரிக்க நாட்டு டொர்னாடோவுக்கு உரிய விதியை நம்மூர்ப் புழுதிச் சுழலின்மேல் ஏற்றிச் சொன்னது என் பிழை. இரண்டும் பிறப்பிலேயே வேறானவை. புழுதிச் சுழல் தெளிந்த வானத்தின்கீழ், சூடேறிய தரையிலிருந்து மேலெழுவது. தரையை ஒட்டி வீசும் காற்று தள்ளும் பக்கமே அது செல்லும். டொர்னாடோவோ பெரும் இடிமேகத்தின் அடியிலிருந்து தரைவரை நீள்வது. மேகம் செல்லும் திசையே அதன் திசை. அம்மேகத்தைப் பல கிலோமீட்டர் உயரத்துக் காற்று நடத்திச் செல்கிறது. ஆகவே நாட்டுக்கு நாடு திசை மாறும். அமெரிக்கச் சமவெளியில் தென்மேற்கிலிருந்து வடகிழக்கே செல்வன மிகுதி; வங்காளத்தில் வடமேற்கிலிருந்து தென்கிழக்கே செல்வன மிகுதி.

வங்காளத்தில் கோடையில் கடலின் ஈரக்காற்று தாழ்வாக உட்புகும். அதற்கு மேலே வடமேற்கிலிருந்து உலர்ந்த காற்று விரைந்து பாயும். இவற்றின் வேகமும் திசையும் வேறுபடுவதால் மேகமே சுழலத் தொடங்குகிறது. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தில் தௌலத்பூர், சாட்டூரியா ஆகிய ஊர்களை அழித்த டொர்னாடோவில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். ஒரே டொர்னாடோ இதனினும் மிகுதியான உயிர்களைக் கொண்டதாக உலக வானிலை அமைப்பின் பதிவில் இல்லை.

நம் தென்கோடியில் அம்மாதங்களில் உயரக் காற்று மெலிந்தே வீசுவதால், கோடை இடிமழை பெய்தாலும் டொர்னாடோ மிக அரிது. ஆயினும் நீங்கள் கல்விக்கும் தொழிலுக்கும் வடக்கே செல்லக்கூடியவர்கள். 1978 மார்ச் 17 அன்று டில்லி நகருக்குள்ளேயே ஒன்று புகுந்து உயிர்களைப் பறித்தது. அத்தகைய தூண் இடமோ வலமோ நகராமல், நின்ற நிலையிலேயே பெருத்துக்கொண்டு வருவதாகத் தோன்றினால், அது உங்களை நோக்கியே வருகிறது. வேடிக்கை பாராது, உறுதியான கட்டிடத்தின் கீழ்த்தளத்து உள்ளறைக்குள், சன்னல்களை விட்டு விலகிப் புகுந்துவிடுங்கள்.

அன்று எங்கள் மைதானத்துத் தூணும் அவ்வாறுதான் தோன்றிற்று. "அசையாமல் நிற்கிறது, பாருங்கள்" என்று வேறு நான் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.