ஆட்ட விதியை மாற்றிய அரங்கு

ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்பெறும் உதைபந்தாட்டம் ஈழத்து மாணவர் பழகிய ஆட்டமன்று. பந்தைக் கையிலேந்தி ஓடுதலே அதன் இயல்பு. அவ்வாட்டத்தின் போக்கையே ஹாவாட் கல்லூரியின் அரங்கு மாற்றியது.

1879ஆம் ஆண்டு வகுப்பினரான பழைய மாணவர் 100,000 டொலர் நன்கொடையாக ஈந்தனர். அக்கால அரங்குகள் பெரும்பாலும் மரத்தாலானவை. எளிதில் தீக்கிரையாகக் கூடியவை. ஆதலின், இவ்வரங்கு இரும்புக்கம்பி பொதிந்த கொங்கிறீற்றினால் லாட வடிவில் 1903இல் எழுப்பப்பட்டது.

அந்நாளில் ஆட்டக்காரர் ஒருங்கே திரண்டு மோதுவர். 1905இல் இளைஞர் பலர் உயிரிழந்தனர். சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் ஹாவாட், யேல், பிறின்ஸ்ரன் ஆகிய கல்லூரிகளின் பிரதிநிதிகளை அழைத்துச் சீர்திருத்தம் வேண்டினார். மைதானத்தை 40 அடி அகலப்படுத்தினால் நெருக்கம் தணியும் என்றார் யேல் கல்லூரியின் வோல்ரர் காம்ப். ஹாவாட் அரங்கின் புதிய சுவர்களோ அதற்கு இடந்தரவில்லை. எனவே வேறு வழி நாடிய விதியாளர், பந்தை முன்னோக்கி எறிதலை 1906இல் அனுமதித்தனர்.

உயிரிழப்பு உடனே ஒழிந்துவிடவில்லை. எனினும், திரண்டு மோதிய ஆட்டம் நாளடைவில் பரந்து ஆடும் ஆட்டமாயிற்று. மைதானம் விரியவில்லை, ஆட்டமே விரிந்தது. கட்டியோர் கருதியிராத இப்பயனே அவ்வரங்கின் தனிச்சிறப்பாகும்.